இரவில் கெட்டி, காலையில் தண்ணீர்: ஓவனில் சுடாத அடுக்குக் கஸ்டர்டு குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த நிகழ்வில் வருபவர்கள் ஒரு தாயாரும் கல்லூரியில் படிக்கும் அவருடைய மகளும். வீட்டில் இருபது பேர் கூடும் ஒரு நாளுக்காக, ஓவனில் வைத்துச் சுட வேண்டிய தேவை இல்லாத வெண்ணிலா கஸ்டர்டு இனிப்பு ஒன்றை முந்தைய நாள்களிலேயே செய்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாம் என்று அவர்கள் திட்டமிட்டிருந்தனர். கீழே பிஸ்கட், அதன்மேல் கஸ்டர்டு, மறுபடி பிஸ்கட், மறுபடி கஸ்டர்டு, எல்லாவற்றுக்கும் மேல் அடித்து நுரைத்த கிரீம் என ஐந்து அடுக்குகள். 30 சென்டிமீட்டர் நீளமும் 20 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட கண்ணாடித் தட்டில் அடுக்கினால் இருபது துண்டுகள் கிடைக்கும் என்பது மகளின் கணக்கு. அந்தக் கணக்கு சரியானதே.

நான் அவர்களுக்கு அண்டை வீட்டுக்காரி. இத்தகைய இனிப்புகளைக் கேட்பவர்களுக்குச் செய்து கொடுப்பது என் தொழில். முதல் தயாரிப்பில் எனக்குப் பங்கில்லை. அது கெட்டுப்போன மறுநாள் காலையில்தான் அழைக்கப்பட்டேன். ஆகவே முதல் நாள் நடந்தவற்றை இருவரும் சொல்லக் கேட்டு எழுதியிருக்கிறேன். மற்றவை நான் நேரில் கண்டவை. இருவரும் இசைந்ததன் பேரில் இதைப் பதிவு செய்கிறேன்.

முதல் தயாரிப்பு

ஒரு லிட்டர் பால், 80 கிராம் கஸ்டர்டு பவுடர், 120 கிராம் சர்க்கரை, நான்கு முட்டைகளின் மஞ்சள் கரு ஆகியவை கஸ்டர்டுக்காக எடுக்கப்பட்டன. கஸ்டர்டு பவுடர் மட்டும் போட்டால் சுவை தட்டையாக இருக்கிறது என்று கருதிய தாயார், வளமான சுவைக்காக மஞ்சள் கருவைச் சேர்த்திருந்தார். அவர் நினைத்ததில் தவறில்லை. ஆனால் இந்தச் சேர்க்கைதான் பின்னால் வந்த சிக்கலின் ஊற்றுக்கண் என்பதால் அதன் வரலாற்றையும் சொல்ல வேண்டும். 1837இல் பர்மிங்ஹாமில் ஆல்ஃபிரட் பேர்ட் என்பவர் முட்டை ஒவ்வாத தம் மனைவிக்காக உருவாக்கியதே கஸ்டர்டு பவுடர். முட்டை செய்யும் வேலையை அதில் சோளமாவின் மாவுச்சத்து செய்கிறது. முட்டையைத் தவிர்ப்பதற்காகப் பிறந்த பொருளோடு முட்டையை மீண்டும் சேர்க்கும்போது, முட்டைக்கு உரிய விதிகளும் மாவுச்சத்துக்கு உரிய விதிகளும் ஒரே பாத்திரத்தில் வந்து சேர்கின்றன.

குளிர்ந்த பாலில் பவுடரைக் கட்டியில்லாமல் கரைத்து, மஞ்சள் கருவையும் சர்க்கரையையும் அதில் கலந்து, சூடான பாலைச் சிறிது சிறிதாக ஊற்றி, பிறகு எல்லாவற்றையும் அடுப்பில் ஏற்றிக் கிளறியிருக்கிறார்கள். இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. கலவை கரண்டியின் முதுகில் படியும் அளவுக்குக் கெட்டியான அந்தக் கணமே தாயார் அடுப்பை அணைத்துவிட்டார். மஞ்சள் கரு சேர்ந்த கஸ்டர்டைக் கொதிக்க விட்டால் திரிந்துவிடும் என்று அவர் இளமையில் கற்றிருந்தார்.

பிறகு கஸ்டர்டு பாத்திரத்திலேயே மேசைமீது ஆறியது. இனிப்பு போதுமா, எசென்ஸ் போதுமா என்று மகள் மூன்று நான்கு முறை சுவை பார்த்தார். ஒவ்வொரு முறையும் அதே கரண்டியால் மீண்டும் கிளறினார். பாலில் நனைத்த பிஸ்கட்டுகளின்மீது வெதுவெதுப்பான கஸ்டர்டை ஊற்றி, அடுக்குகளை முடித்து, தட்டை ஃப்ரிட்ஜில் வைக்க ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆகிவிட்டது. கிரீம் மட்டும் மறுநாளுக்கு என்று விடப்பட்டது. தட்டு ஃப்ரிட்ஜுக்குள் போகும்போது கஸ்டர்டு நன்றாகக் கெட்டியாகவே இருந்தது என்பதில் இருவருக்கும் ஐயமில்லை.

காலையில் கண்டது

நான் பார்த்தபோது மேலடுக்கு பிஸ்கட்டுகள் தட்டின் ஒரு மூலைக்கு நகர்ந்து மிதந்துகொண்டிருந்தன. தட்டைச் சற்றுச் சாய்த்தால் கஸ்டர்டு பாலைப் போலவே ஓடியது. கரண்டியால் அள்ளியதில் கட்டியோ திரிந்த துணுக்குகளோ இல்லை. வழவழப்பாக, ஒரே சீராக, ஆனால் முற்றிலும் நீர்த்துப் போயிருந்தது. அடியில் இருந்த பிஸ்கட் குழைந்து சேறாகியிருந்தது. புளித்த வாடையோ நிறமாற்றமோ இல்லை.

“ராத்திரி கெட்டியாத்தானே இருந்தது, அக்கா? பவுடர் இன்னும் கொஞ்சம் போட்டிருக்கணுமோ?” என்று மகள் கேட்டார். இந்தக் கேள்வியின் முதல் பாதியிலேயே இரண்டாம் பாதிக்கு விடை இருந்தது. பவுடர் குறைவாக இருந்திருந்தால் கஸ்டர்டு முந்தைய இரவே இளகலாக இருந்திருக்கும். ஒருபோதும் கெட்டியாகாத கஸ்டர்டு வேறு, கெட்டியாகிப் பிறகு நீர்த்துப்போன கஸ்டர்டு வேறு. முன்னதற்கு அளவைத் திருத்தினால் போதும். பின்னதில், கட்டப்பட்ட ஒன்றை ஏதோ ஒன்று இரவெல்லாம் பிரித்துக்கொண்டிருந்தது என்று பொருள்.

கஸ்டர்டில் தண்ணீர் விட்டிருக்கிறது என்று தாயார் கருதினார். ஆறிய மாவுச்சத்துக் கட்டி இறுகும்போது ஓரத்தில் நீர் கசிவது உண்மைதான். ஆனால் அப்போது கஸ்டர்டு கெட்டியாகவே நிற்கும், நீர் தனியே நிற்கும். இங்கே அப்படிப் பிரிந்த நீர் எதுவும் இல்லை. முழுக் கலவையும் ஒருசேர இளகியிருந்தது.

முதல் முடிவு: அதை எறிந்துவிடுவது

கூடுதல் பவுடரைக் கரைத்து ஊற்றி மறுபடி காய்ச்சிவிடலாம் என்று தாயார் விரும்பினார். ஒரு லிட்டர் பாலும் நான்கு முட்டையும் வீணாவதைப் பார்த்துக்கொண்டிருக்க யாருக்கும் மனம் வராது. இருந்தும் நான் வேண்டாம் என்றேன். பாலும் முட்டையும் சேர்ந்த கலவை, 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில் நான்கு மணி நேரம் இருந்திருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குப் போயிருக்க வேண்டிய உணவு அது. மறுபடி கொதிக்க வைத்தால் கிருமிகள் சாகும் என்பது உண்மையானாலும், சில கிருமிகள் விட்டுச் செல்லும் நச்சு கொதியிலும் அழியாது. உண்ண வருபவர்களில் முதியவர்களும் குழந்தைகளும் இருந்தனர். தாயார் சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு அவரே தட்டைக் கழுவினார்.

நான்கு கிண்ணங்கள்

நிகழ்ச்சிக்கு இன்னும் ஒரு பகலும் ஓர் இரவும் மீதமிருந்தன. நேரே இரண்டாம் முறை செய்யத் தொடங்காமல், காரணத்தை உறுதி செய்துகொள்ள நான்கு மணி நேரம் செலவிடலாம் என்று முடிவெடுத்தோம். எனக்கு இரண்டு ஐயங்கள் இருந்தன. இரண்டும் அமைலேஸ் என்ற ஒரே நொதியைப் பற்றியவை.

சூட்டில் சோளமாவின் துகள்கள் பாலை உறிஞ்சிப் பருக்கின்றன. அவற்றிலிருந்து வெளிவரும் நீண்ட சங்கிலிகள் ஆறும்போது ஒன்றோடொன்று பின்னி, பாலைத் தமக்குள் பிடித்து வைத்துக்கொள்கின்றன. கஸ்டர்டு கெட்டியாவது இப்படித்தான். அமைலேஸ் அந்தச் சங்கிலிகளைத் துண்டு துண்டாக நறுக்குவது. முட்டையின் மஞ்சள் கருவில் அது இயற்கையாகவே உண்டு. நம் உமிழ்நீரிலும் உண்டு. கொதிநிலைக்கு அருகில் ஓரிரு நிமிடம் வெந்தால் அது செயலிழந்துவிடும். வேகாமல் விட்டால், ஃப்ரிட்ஜின் குளிரிலும் மெதுவாகத் தன் வேலையைத் தொடரும். வெதுவெதுப்பில் இன்னும் விரைவாகச் செய்யும். ஒருமுறை நறுக்கப்பட்ட சங்கிலியை மறுபடி காய்ச்சி ஒட்ட வைக்க முடியாது.

பழைய அளவுகளைக் கால் பங்காக்கி மூன்று சிறு பாத்திரங்களில் காய்ச்சினோம். முதலாவதில் மஞ்சள் கரு இல்லை. பாலும் பவுடரும் சர்க்கரையும் மட்டும், நன்றாகக் கொதித்தது. இரண்டாவதில் ஒரு மஞ்சள் கரு. தாயாரே முந்தைய நாள் செய்தபடி காய்ச்சி, அவருக்குப் பழக்கமான பதத்தில் இறக்கினார். வெப்பமானி அப்போது 82 டிகிரி காட்டியது. மூன்றாவதிலும் ஒரு மஞ்சள் கரு. ஆனால் கெட்டியான பிறகும் இறக்காமல், பெரிய குமிழிகள் மேலே வந்து ‘பொளக், பொளக்’ என்று வெடிக்கத் தொடங்கியதிலிருந்து ஒன்றரை நிமிடம் கிளறிக்கொண்டே வேகவிட்டோம். நான்காவது கிண்ணத்தில், முதல் பாத்திரத்துக் கஸ்டர்டில் சிறிதை எடுத்து, வெதுவெதுப்பாக ஆறியதும், மகள் வாயில் வைத்து எடுத்த கரண்டியால் ஒரு சுற்றுக் கிளறினோம்.

விரைவில் விடை சொன்னது நான்காவது கிண்ணம். கால் மணி நேரத்துக்குள் கரண்டி போன தடம் மூடிக்கொள்ளத் தொடங்கியது. அரை மணி நேரத்தில் அள்ளினால் வழிந்தது. மகள் அந்தக் கிண்ணத்தைக் கையில் எடுத்து வெகு நேரம் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். இரண்டாவது கிண்ணம் மெதுவாகப் பேசியது. முதல் ஒரு மணி நேரம் மாற்றமில்லை. மூன்றாம் மணி முடிவில் நடுவில் குத்தி நிறுத்திய கரண்டி தானாகச் சாய்ந்தது. முதலாவதும் மூன்றாவதும் அசையாமல் நின்றன.

மூன்றாவது கிண்ணத்தைத் தாயார் விரலால் தேய்த்துப் பார்த்தார். கொதித்த மஞ்சள் கரு ஏன் திரியவில்லை என்பதுதான் அவருடைய கேள்வி. அவர் கற்றிருந்த விதி பொய்யானதல்ல. முட்டையை மட்டுமே கொண்டு கெட்டியாக்கும் கஸ்டர்டு 80 டிகிரியைத் தாண்டிச் சற்றுப் போனாலே திரியும். அங்கே கொதிக்க விடக் கூடாது என்பதே சரி. போதிய மாவுச்சத்து கூட இருக்கும்போது, அது முட்டைப் புரதங்கள் ஒன்றையொன்று நெருங்கிக் கட்டியாவதைத் தடுக்கிறது. அங்கே கொதிக்க வைப்பதில் ஆபத்தில்லை என்பது மட்டுமல்ல, கொதிக்க வைத்தே ஆக வேண்டும். ஒரு தயாரிப்பின் சரியான விதி, பார்வைக்கு அதைப் போலவே இருக்கும் இன்னொரு தயாரிப்பைக் கெடுத்திருந்தது. பல ஆண்டு அனுபவம் உள்ளவர்களிடமும் இந்தப் பிழையை நான் கண்டிருக்கிறேன்.

முதல் நாள் கஸ்டர்டைப் பொறுத்தவரை, வேகாத மஞ்சள் கருவோ சுவை பார்த்த கரண்டியோ ஒன்றே அதைக் கெடுக்கப் போதுமானது. அங்கே இரண்டும் சேர்ந்திருந்தன, நான்கு மணி நேர வெதுவெதுப்பும் துணை நின்றது.

இரண்டாம் தயாரிப்பு

பவுடரின் அளவைக் கூட்டவில்லை. பழைய அளவே போதுமென்று மூன்றாவது கிண்ணம் காட்டியிருந்தது. கூட்டினால் வாயில் மாவு மாவென்று தட்டும். சர்க்கரையையும் மாற்றவில்லை. மாற்றியவை வேகவிடும் நேரமும், கரண்டியும், அடுக்கும் முறையும்தான்.

கஸ்டர்டு குமிழிவிட்டு ஒன்றரை நிமிடம் வெந்தது. அடிப்பிடிக்காதிருக்க அடிகனமான பாத்திரத்தில், மூலை முடுக்கெல்லாம் படும்படி கரண்டி ஓய்வின்றி ஓடியது. வெண்ணிலா எசென்ஸை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே சேர்த்தோம்; கொதியில் சேர்த்தால் மணம் ஆவியோடு போய்விடும். சுவை பார்க்க ஒரு சிறு கிண்ணத்தில் தனியே எடுத்துக்கொண்டோம்.

அடுக்குவதில்தான் உண்மையான சங்கடம் இருந்தது. மாவுச்சத்துக் கஸ்டர்டு தட்டில் ஊற்றிய இடத்திலேயே ஆறி உறைந்தால்தான் துண்டு போடும்போது நிற்கும். பாத்திரத்தில் முழுவதும் ஆறவிட்டுப் பிறகு கிளறி ஊற்றினால், உறைந்த பின்னல் அறுந்துவிடும். பழைய இறுக்கம் திரும்பாது. அதனால் சூடாக ஊற்ற வேண்டும். ஆனால் மிகச் சூடாக ஊற்றினால் பிஸ்கட் உடனே குழையும், அடுக்குகளின் கோடு கலங்கும். கிரீமோ சூடு பட்டால் உருகியே போகும். ஏறத்தாழ 60 டிகிரிக்கு இறங்கியதும் ஊற்றுவது, கிரீமை மறுநாள் காலை தட்டு நன்றாகக் குளிர்ந்த பிறகே வைப்பது என்று தீர்மானித்தோம்.

பிஸ்கட்டைப் பாலில் நனைப்பதை விட்டுவிட்டோம். உலர்ந்த பிஸ்கட் ஓர் இரவில் கஸ்டர்டின் ஈரத்தை இழுத்துக்கொண்டு கேக்கைப் போல் மென்மையாகிவிடும். நனைத்தால் அந்த ஈரமும் சேர்ந்து குழைந்துவிடும். முதல் முறை பிஸ்கட் மிதந்ததை நினைத்து, தட்டின் அடியில் இரண்டு கரண்டிக் கஸ்டர்டை மெல்லப் பூசி, அதன்மேல் பிஸ்கட்டுகளை ஒட்ட வைத்தோம். பசைபோல் பிடித்துக்கொண்டதால் ஒன்றுகூட நகரவில்லை. கஸ்டர்டை உயரத்திலிருந்து ஊற்றாமல், கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்து அதன் முதுகில் விழும்படி மகள் ஊற்றினார். அடுக்கின் கனம் ஒரு சென்டிமீட்டர்.

இரண்டாம் பாதிக் கஸ்டர்டு அதுவரை பாத்திரத்தில் மூடிக் காத்திருந்தது. ஆடை படியாதிருக்க, பிளாஸ்டிக் தாளைக் கஸ்டர்டின் மேற்பரப்பிலேயே ஒட்டும்படி வைத்திருந்தோம். இருந்தும் முதல் அடுக்கு சற்று இறுகி, மேல் பிஸ்கட்டுகளை அடுக்கி முடிக்கும் வரை இருபது நிமிடம் ஆகிவிட்டதால், பாத்திரத்தில் காத்திருந்த கஸ்டர்டின் ஓரங்கள் உறையத் தொடங்கியிருந்தன. ஆறேழு சுற்றுக் கிளறி ஊற்றினோம். அது எனக்கு உவப்பாக இல்லை. வேறு வழியும் அப்போது இல்லை. ஊற்றிய கஸ்டர்டின்மேல் மறுபடியும் தாளை ஒட்டி, அடுப்பிலிருந்து இறக்கிய ஒரு மணி நேரத்துக்குள் தட்டை ஃப்ரிட்ஜில் வைத்தோம்.

மறுநாள் காலை 300 மில்லிலிட்டர் குளிர்ந்த கிரீமை, குளிர வைத்த பாத்திரத்தில் மகள் அடித்தார். கொழுப்பு 35 விழுக்காடு உள்ள கிரீம் என்பதால் நுரை எளிதாக நின்றது. கருவியைத் தூக்கினால் முனை வளைந்து நிற்கும் பதத்தில் நிறுத்தச் சொன்னேன். அதற்கு மேல் அடித்தால் வெண்ணெய் திரளத் தொடங்கும்.

விளைவு

நிகழ்ச்சி மாலையில் நடந்தது. வெந்நீரில் தோய்த்துத் துடைத்த கத்தியால் தாயார் முதல் துண்டை வெட்டி எடுத்தார். ஐந்து அடுக்குகளும் தனித்தனிக் கோடுகளாகத் தெரிய, துண்டு தட்டில் நின்றது. கீழ்க் கஸ்டர்டின் வெட்டு முகம் கண்ணாடிபோல் வழவழப்பாக இருந்தது. மேல் கஸ்டர்டு சற்று இளகலாகவும், உற்றுப் பார்த்தால் ரவை அளவில் சிறு கட்டிகளோடும் இருந்தது. உண்டவர்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. மகள் கவனித்தார், காரணத்தையும் என்னிடம் அவரே சொன்னார். பிஸ்கட் கத்திக்கு எளிதாக வழிவிடும் மென்மையில், வடிவம் கெடாமல் இருந்தது.

நான்கு துண்டுகள் மறுநாளுக்கு மிஞ்சின. வெட்டிய ஓரத்தில் ஒரு தேக்கரண்டி அளவு நீர் கசிந்திருந்தது. கஸ்டர்டு கெட்டியாகவே இருந்தது. தாயார் முதலில் பதறினாலும், கட்டி இறுகி விடும் நீர் இதுதான் என்று ஒப்பிட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

கஸ்டர்டை ஒரே தடவையில் ஒரு லிட்டராகக் காய்ச்சியிருக்கக் கூடாது. அரை லிட்டர் அரை லிட்டராக, கீழடுக்கு இறுகிய பிறகு மேலடுக்குக்குத் தனியே காய்ச்சினால் கூடுதலாகப் பதினைந்து நிமிடம்தான் ஆகும். மேலடுக்கில் கண்ட கட்டிகள் வரா. இதை முன்கூட்டியே யோசிக்காதது என் பிழை.

வெப்பமானி இல்லாத வீடுகளில் குமிழியே போதுமான அடையாளம். நடுவில் மட்டுமல்லாமல் பரவலாகக் குமிழிகள் வெடிக்கத் தொடங்கிய பிறகு, தொண்ணூறு எண்ணும் வரை கிளறிக்கொண்டிருந்தால் போதும். மஞ்சள் கரு சேர்க்காதவர்களும் இந்த ஒன்றரை நிமிடத்தைக் குறைக்க வேண்டாம். பச்சை மாவு வாடை போவதும் அப்போதுதான். சீக்கிரம் இறுகட்டும் என்று ஃப்ரீசரில் வைப்பதை நான் ஏற்பதில்லை. உறைபனியிலிருந்து மீளும்போது சோளமாவுக் கஸ்டர்டு பஞ்சுபோல் துளைவிட்டு நீரைக் கக்கிவிடும்.

தாயாரிடம் இருந்த பழைய குறிப்புத்தாளில் ‘கெட்டியானதும் இறக்கவும்’ என்ற வரி இருந்தது. மகள் அதை அடித்துவிட்டு, ‘கெட்டியான பின் குமிழிவிட்டு ஒன்றரை நிமிடம், சுவை பார்க்கத் தனிக் கிண்ணம்’ என்று பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்.